பரணில் ஒரு சைலன்ஸர்

திண்டிவனத்தில் என் அக்கா வீட்டுப் பரணில் தை மாதம் ஒருநாள் ஏற வேண்டியிருந்தது. கல்யாணச் சீராக வந்த அண்டாவை இறக்கித் தரச் சொன்னாள். அண்டாவுக்குப் பக்கத்தில் கொலு பொம்மைப் பெட்டி. அதற்கும் பக்கத்தில், கோணிச் சாக்கில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி ஒரு பொருள். பிரித்துப் பார்த்தேன். சைலன்ஸர். புத்தம் புதுசு. கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.

‘‘என்னக்கா இது?’’

‘‘அதை ஏன்டா கேக்குற... உன் மருமவன் கார்ல இருந்து கழட்டினது. சத்தம் பத்தலியாம்.’’

கார் வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதுவும் சாதாரண கார் இல்லை. ‘எங்கள் வண்டிகளிலேயே வேகமானது’ என்று கம்பெனியே மார்தட்டி விற்கிற ரகம். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர்கள் கொடுத்த சைலன்ஸர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஒழுங்காக வேலை செய்ததுதான் அதன் குற்றம்.

நியாயமான கேள்வி ஒன்று உங்களுக்கும் எழும். மெதுவான காரை வாங்கி வேகமாக்கினால் புரிகிறது. வேகமான காரையே தேடிப் பிடித்து, கூடுதல் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, ஷோரூம் மாலை வாடுவதற்குள் அதைப் பிரித்து மேய்கிறார்களே, ஏன்?

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதையும் கணக்காகப் பார்த்தால்தான் புரியும். மருமகனிடம் பில்களைக் கேட்டேன். ‘‘திட்ட மாட்டீங்களே மாமா?’’ என்று மூன்று தடவை உறுதி வாங்கிக்கொண்டு கொடுத்தான். அலாய் வீலும் அகல டயரும் 84,000. வெளியூரிலிருந்து வரவழைத்த சைலன்ஸர் 38,000. இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் ‘ரீமேப்’ 32,000. வண்டியைத் தாழ்த்தும் ஸ்ப்ரிங் 24,000. வெள்ளை வெளிச்ச பல்புகள் 9,500. ஏர் ஃபில்டர் 6,500. ஸ்டிக்கர் 6,000.

கூட்டிப் பாருங்கள். சரியாக இரண்டு லட்சம்.

இது மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா என்று முதல் வருடப் பரீட்சையில் கேட்பார்கள். சொத்தின் மதிப்பை உயர்த்தினால் மூலதனம். இதுவோ உயர்த்தாது. நாளைக்கு விற்கப் போனால், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது ‘ஒரிஜினல் சைலன்ஸர் இருக்கா?’ என்றுதான். அதனால்தான் அது குப்பைக்குப் போகாமல் பரணுக்குப் போயிருக்கிறது. ஆக, பையனுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தே செய்கிற செலவுக்குக் கணக்குப் பாடத்தில் தலைப்பு கிடையாது. எனவே, கணக்குக்கு வெளியே தேட வேண்டியதாயிற்று.

*

முதலில் ஒரு நியாயம் பேசிவிடுகிறேன். ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்று ஆரம்பிப்பவர்களை நான் நம்புவதில்லை.

பையனைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், 1998-ல் வாடகைக்கு ஓட்ட ஓர் அம்பாஸடர் வாங்கினார். பெட்ரோல் வண்டி. வாங்கிய இரண்டாவது மாதம் அதன் இன்ஜினை இறக்கிவிட்டு, மெட்டடார் வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினை ஏற்றினார். அன்றைக்குப் பாதித் தமிழ்நாடு இதைச் செய்தது. வண்டி பூகம்பம் மாதிரி குலுங்கும். உள்ளே பேசினால் கேட்காது. ஆனால், பெட்ரோல் காசு மிச்சம்.

அப்பா மைலேஜுக்காக இன்ஜினையே மாற்றினார். மகன் மைலேஜைக் கெடுத்துக்கொள்ளக் காசு கொடுக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தலைமுறை, ஒரு தாராளமயம், ஒரு கார் லோன். அவ்வளவுதான். ‘கம்பெனிக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டேன்’ என்கிற பிடிவாதம் இரண்டு பேருக்கும் ஒன்றே. அதை நான் குறை சொல்ல மாட்டேன். எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் தெளித்து, கண்ணாடியில் குலதெய்வத்தின் பேர் எழுதினால்தான் நமக்கு வண்டி நம்ம வண்டி. முதல் மாடிஃபிகேஷனை ஐயரோ பூசாரியோதான் செய்கிறார்.

ஆனால், ஒரு வித்தியாசம். டீசல் இன்ஜின் ஏற்றியதும் அப்பா வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஆர்.சி. புத்தகத்தில் அதை எழுதி வாங்கினார். மகனிடம் ‘ஆர்.சி.’ என்றேன். ‘‘அதெல்லாம் யாரு மாமா பாக்குறா?’’ என்றான்.

*

இவர்கள் சொல்கிற முதல் காரணம், ‘கம்பெனிக்காரன் இன்ஜினோட முழு சக்தியையும் குடுக்கறதில்ல, அமுக்கி வெச்சிருக்கான்.’

இது பொய் இல்லை. ஃபோக்ஸ்வேகனின் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் அது போலோவில் வந்தபோது 110 குதிரை சக்தி. அடுத்த வருடம் டைகூனில் வந்தபோது 115. ஒரே குடும்பத்து இன்ஜின், அளவு மட்டும் வேறு. டர்போ இன்ஜினில் காற்றை எவ்வளவு அழுத்தி உள்ளே தள்ளுவது, பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது, எந்தக் கணத்தில் பொறி வைப்பது என எல்லாவற்றையும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அந்த எண்களை மாற்றினால் சக்தி கூடும். ரீமேப் என்பது அதுதான். ஸ்பானரே வேண்டாம், லேப்டாப் போதும்.

இன்னொரு உண்மையும் உண்டு. நம் ஊர் கார்களை வடிவமைப்பதில் இன்ஜினீயருக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி நிதி அமைச்சகம். 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் இருக்கும் ‘சின்ன கார்’களுக்கு உற்பத்தி வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து அந்த நான்கு மீட்டரும் 1,200 சி.சி.யும் லட்சுமணன் கோடு ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோதும் அதே கோடுதான். உள்ளே இருந்தால் 18 சதவிகிதம், வெளியே போனால் 40. (நான் சொல்வது வரி ஜி.எஸ்.டி. நம் திண்டிவனம் வழியாகப் போகிற ஜி.எஸ்.டி. ரோடு வேறு, அது வெள்ளைக்காரன் காலத்து கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு.) 2013-ல் வந்து இளைஞர்களைப் பைத்தியமாக அடித்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யின் இன்ஜின் 1,197 சி.சி. அந்த மூன்று சி.சி. இடைவெளியில் ஆடிட்டரின் கையெழுத்து தெரிகிறதா இல்லையா?

ஆக, ‘இந்தக் கார் முழுமையானதில்லை, சமரசம் செய்து கட்டியது’ என்று மருமகன் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. தப்பு எங்கே வருகிறது என்றால், அமுக்கி வைத்ததெல்லாம் தனக்குச் சேர வேண்டிய பாக்கி என்று நினைப்பதில்தான்.

கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் ‘ரிசர்வ்’ என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். லாபத்தை எல்லாம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல், கெட்ட காலத்துக்கு என்று எடுத்து வைக்கிற பணம். இன்ஜினில் விட்டு வைத்திருப்பதும் ரிசர்வ்தான். சித்திரை மாசத்து விழுப்புரம் வெயில், ஏ.சி. ஓடுகிறது, உள்ளே நான்கு பேர், டிக்கி நிறைய அரிசி மூட்டை, எந்த பங்க்கிலோ போட்ட பெட்ரோல், அடைத்துப்போன ஃபில்டர்... இது எல்லாம் ஒன்றாகச் சேரும் நாளிலும் பிஸ்டன் உருகக் கூடாது. கிளட்ச்சும் கியர்பாக்ஸும் லட்சம் கிலோமீட்டர் தாங்க வேண்டும். அதற்காக வைத்த இருப்பு அது. ரீமேப் செய்கிறவர் புதிதாக எதையும் சம்பாதித்துத் தருவதில்லை. ரிசர்வை எடுத்து டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்கிறார். பங்குதாரர் கைதட்டுகிறார். எல்லா பங்குதாரர்களும் முதல் வருடம் கைதட்டத்தான் செய்வார்கள்.

*

‘அப்படியென்றால் இது முட்டாள் வேலையா?’ என்று கேட்டால், இல்லவே இல்லை. உலகத்தில் பெயர் வாங்கிய பல கார்கள் இப்படிக் கை வைத்ததால் பிறந்தவை. பிரிட்டனில் மினி என்கிற குட்டிக் காரை ஜான் கூப்பர் என்கிற ரேஸ்காரர் முறுக்கேற்றினார். 1961-ல் ‘மினி கூப்பர்’ வந்தது. 1964-ல் மான்டி கார்லோ ராலியில் பெரிய கார்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தது.

நம்ம ஊரிலும் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தபோது, ஃபியட்டையும் அம்பாஸடரையும் பிரித்துச் செதுக்கிக்கொண்டு போய் ஓட்டினார்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். அத்தை, சித்தி எல்லாரும் காய்கறி வாங்கப் போன அதே மாருதி 800-ன் இன்ஜினை வைத்து, 80-களின் கடைசியில் ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டினார். குறைந்த செலவில் ஒரு தலைமுறையே ரேஸ் ஓட்டக் கற்றுக்கொண்டது. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். அதே கோவையிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அந்தக் கோயம்புத்தூரில்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய முக்கியமான சாட்சி இருக்கிறது. ரேஸ் கார் கட்டிப் பழகிய ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து, 2018 அக்டோபரில் ‘டியாகோ ஜே.டி.பி.’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தன. சாதாரண டியாகோவில் டர்போ இன்ஜின், 114 குதிரை சக்தி, தாழ்ந்த சஸ்பென்ஷன், அகல டயர், பானெட்டில் காற்று வாய், முறுக்கின சத்தம். பையன்கள் தனித்தனியாக அலைந்து திரிந்து செய்கிற அத்தனை வேலையையும் ரேஸ்காரர்களே செய்து, வாரன்டியோடு, இன்ஷூரன்ஸ் தகராறு இல்லாமல், ஆர்.சி. புத்தகத்தில் ஏறினபடி கொடுத்தார்கள். ஷோரூம் விலை 6 லட்சத்து 39 ஆயிரம்.

க்யூ நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. 2020-ல் அந்தக் கூட்டு நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். பி.எஸ்.6 புகை விதிக்காகத் திரும்பப் பணம் போட வேண்டியிருந்தது ஒரு காரணம். ஆனால், ஜனங்கள் அள்ளிக்கொண்டு போன காராக இருந்தால் பணம் போட்டிருக்க மாட்டார்களா?

எனக்கு இதில் விடை கிடைத்த மாதிரி இருந்தது. இவர்கள் விரும்புவது மாற்றப்பட்ட காரை அல்ல. மாற்றுவதை. வேறொருவன் மாற்றிக் கொடுத்தால், எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதுவும் ஷோரூம் கார்தான். ஊரில் இன்னொருவனிடம் அதே மாதிரி இருக்கும். வத்தக்குழம்பு டப்பாவில் கிடைக்கிறது என்பதற்காக அம்மா அடுப்படியை மூடிவிடுவாளா?

*

சரி, அவனவன் கார், அவனவன் காசு. நமக்கென்ன என்று விட்டுவிடலாம்தான். சட்டம் அப்படி விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி முதலில் குறித்துக் கொடுத்ததற்கும் முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று போட்டார்கள். ‘ஒவ்வொரு’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சட்டம் எழுதினவரும் பி.காம். போலிருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர்கள் கை விரிக்க அதுவே போதும்.

ஆனால், சட்டத்தைக் காட்டி யாரையும் திருத்தியதாகச் சரித்திரம் இல்லை. அக்கா தெருவில் பிள்ளை பெற்று வந்திருக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். மருமகன் ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியை வளைத்துத் தெருவுக்குள் நுழைக்கும்போது அந்தக் குழந்தை வீறிட்டு எழுகிறதாம். அக்கா சொன்னாள். 52-வது பிரிவைவிட எனக்கு அது பெரிய பிரிவாகப் பட்டது.

*

அன்று சாயங்காலம் எனக்கு விழுப்புரத்தில் ரயில். ‘‘நான் கொண்டுபோய் விடறேன் மாமா’’ என்றான். சொல்லாவிட்டாலும் நானே கேட்டிருப்பேன். ஒரு பொருளை விமர்சனம் செய்கிறவன் அதில் ஒருமுறையாவது உட்கார்ந்திருக்க வேண்டாமா?

உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. ஊர் எல்லை தாண்டி நெடுஞ்சாலை ஏறியதும் அவன் ஆக்ஸிலரேட்டரை அமுக்கினான். முதுகை யாரோ உரிமையாக சீட்டோடு சேர்த்துத் தள்ளினார்கள். சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. நாற்பது வயதுக்கு மேல் நமக்கு யார் இப்படி ஓர் ஆச்சரியம் தருகிறார்கள்? நான் சிரித்தேன். அவன் பார்த்துவிட்டான். ‘‘இப்பப் புரியுதா மாமா?’’

‘‘நிதானமாப் போடா. ரயிலுக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு.’’

‘‘நிதானமாத்தான் போறேன்.’’ முள் 110-ல் இருந்தது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். எண்பதில் போனால் அரை மணி. நூற்றிருபதில் போனால் இருபது நிமிடம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிச்சம் பிடிப்பது பத்து நிமிடம். அதையும் விக்கிரவாண்டி டோல்கேட்டில் செலவு செய்துவிடலாம். ஆனால், நின்று நிறுத்துவது அப்படி நேர்க் கணக்கு இல்லை. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. இது நியூட்டன் கணக்கு. இதற்கு ரீமேப் கிடையாது.

கூட்டேரிப்பட்டு போயிற்று. டோல்கேட் போயிற்று. நன்றாக இருட்டிவிட்டது. புது பல்புகள் ரோட்டைப் பால் ஊற்றின மாதிரி வெளுக்க வைத்தன. ஆனால், பக்கத்தில்தான். பழைய பல்புக்காகச் செய்த கிண்ணத்தில் வேறு பல்பைச் சொருகினால் வெளிச்சம் சிதறும். முன்னால் பளீரென்று இருக்கும், தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும். எதிரே வருகிறவன் கண்ணும் கூசும்.

முண்டியம்பாக்கம் நெருங்கும்போது அந்தத் தூர இருட்டில் ஒரு பகுதி மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. எனக்கு அது என்னவென்று புரிவதற்குள் அவன் பிரேக்கை மிதித்துவிட்டான்.

கரும்பு டிராக்டர். அரவைக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். டிரெய்லருக்கு வெளியே மூன்று பக்கமும் கரும்பு வழியும். பின் விளக்கு இருந்தாலும் தோகை மூடிவிடும். இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஏதோ மலை நகர்கிற மாதிரிப் போய்க்கொண்டிருக்கும். பிரேக் பெடல் தடதடவென்று அதிர, டயர் கூவ, கார் குலுங்கி ஒருவழியாக வேகம் இறங்கியபோது, எங்கள் பானெட்டுக்கும் கரும்பு நுனிக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடம்.

கரும்புக்கு மேலே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். கையில் ஒரு துண்டுக் கரும்பு. அவனுக்கு நாங்கள் பிரேக் அடித்தது தெரியாது, பிழைத்தது தெரியாது. எங்கள் விளக்கின் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கண் கூசுகிறது என்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

மருமகன் லைட்டைத் தணித்தான். அதன் பிறகு அவன் எதுவும் பேசவில்லை.

*

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். கிளாஸ் அவன் கையில் ஆடியது. நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். எனக்கும் கைகால் உதறிக்கொண்டிருந்ததால் திட்ட வரவில்லை. அவன் கொடுத்த பில்கள் மட்டும் மனசில் திரும்பத் திரும்ப ஓடின. ஏழு அயிட்டம், இரண்டு லட்ச ரூபாய்.

‘‘பிரேக்குக்கு எவ்வளவுடா செலவு பண்ணினே?’’

யோசித்தான். ‘‘அது... கம்பெனி பிரேக்தான் மாமா.’’

அதாவது பூஜ்யம். நிறுத்தும் வேலைக்கு மட்டும் கம்பெனிக்காரனை முழுசாக நம்பியிருக்கிறான். நம்பலாம், அவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது அவன் மாற்றாமல் விட்ட அந்த ஒரே பாகம்தான்.

‘‘எதுக்குடா இதெல்லாம்?’’ என்றேன். இந்தத் தடவை கேள்வி நிஜமாகவே கேள்வியாக வந்தது.

கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘‘ஆபீஸ்ல எனக்கு டேபிள் கிடையாது மாமா. தினமும் காலியா இருக்கிற இடத்துல ஒக்காரணும். நான் எழுதின புரோகிராம்ல என் பேர் இருக்காது. வீடு அப்பாவோடது, அங்க ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கேக்கணும். கார் வாங்கினா அதுலயும் ஆர்.சி.ல பேங்க் பேரு சேந்திருக்கு. இந்த ரிம்மு, இந்த சத்தம்... இது மட்டும்தான் மாமா நான் முடிவு பண்ணது.’’

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. ‘வேகம்’, ‘பந்தா’, ‘கொழுப்பு’ என்று நாம் எத்தனையோ பேர் வைக்கிறோம். அந்தப் பையன் கேட்பது ஒரு கையெழுத்துப் போட இடம். சம்பளம் கொடுக்கிற உலகம், அந்த இடத்தைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறது.

ஆனால், கையெழுத்தைப் பற்றி பி.காம். வகுப்பில் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதே. எவ்வளவு போகும் என்று உனக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் போடும் கையெழுத்து அந்த மாதிரி செக். அதிலும் மோசம், அக்கவுன்ட் நம்முடையதுகூட இல்லை. பணம் எடுக்கப்படுவது கரும்பு மேல் உட்கார்ந்திருக்கும் பையனின் கணக்கிலிருந்து. விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இதே நெடுஞ்சாலையில், இதே முண்டியம்பாக்கத்தில் இருப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு வசதி. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஓர் அறிவிப்புப் பலகையும்கூட.

*

உங்கள் வீட்டிலும் ஒரு மருமகன் இருக்கலாம். அல்லது நீங்களே அந்த மருமகனாக இருக்கலாம். திட்டி நிறுத்த முடியாது. எனவே, நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுங்கள். ஒரு கோடை, ஒரு மழை பார்க்கட்டும். காரின் குறை எது, உங்கள் ஓட்டுதலின் குறை எது என்று அதற்குள் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் செலவு செய்தே தீர வேண்டும் என்றால், முதல் ரூபாய் நல்ல டயருக்கு, கம்பெனி சொன்ன அதே அளவில். இரண்டாவது ரூபாய் பிரேக் பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும். எதைச் செய்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராத விஷயத்தைச் செய்யாதீர்கள். அதற்கு மேலும் கால் அரிக்கிறது என்றால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. கோவையில் கரிவரதன் பெயரில் ஒன்று. அங்கே எதிரில் யாரும் வர மாட்டார்கள், கரும்பு வராது, கற்றுக்கொடுக்க ஆளும் உண்டு. கரிவரதன் தன் கையெழுத்தைப் போட்டது அந்த மாதிரி இடத்தில்தான். அதனால்தான் அது நிற்கிறது.

மற்றபடி சீட் கவரை மாற்றுங்கள், பாட்டுப் பெட்டியை மாற்றுங்கள், உங்கள் காதலியின் பெயரை சாவிக் கொத்தில் செதுக்குங்கள். கார் உங்களுடையது. ரோடுதான் எல்லாருடையதும்.

என் ரயில் அன்று இருபத்தைந்து நிமிடம் லேட். அதைச் சொன்னால் அவன் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். ‘‘டேய் தம்பி, பரண்லேர்ந்து அந்தக் கொழாயை எறக்கிட்டான்டா. மாட்டிட்டு வந்துட்டான். பல்பையும் பழசே போட்டுட்டான். பக்கத்து வீட்டுக் கொழந்த ரெண்டு நாளா நல்லாத் தூங்குதாம்.’’

‘‘ரிம்மு?’’

‘‘அது அப்படியேதான் இருக்கு. அதை மட்டும் கேக்காதேங்கறான்.’’

கேட்கவில்லை. ஒரு கையெழுத்தாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

‘‘அப்ப பரண் காலியாயிடுச்சுன்னு சொல்லு’’ என்றேன்.

‘‘எங்கடா... அந்த முப்பத்தெட்டாயிரத்தைக் கோணில சுத்தி அங்கதானே வெச்சிருக்கான்!’’